ரம்பு 1.60

என் மகளுக்கு முதல் வலிப்பு வந்தது 2022 மார்ச்சில், பள்ளிக்கூடக் கண்டீனில், கையில் மீகோரேங் தட்டோடு. இரண்டாவது அடுத்த வாரமே வீட்டில், என் கண் முன்னால். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குக் கொண்டுபோய் நரம்பியல் டாக்டரிடம் காட்டினோம். துணைக்குப் பெரியத்தையும் வந்திருந்தார். அப்பாவின் அக்கா, எண்பத்திரண்டு வயது. டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குடும்பத்தில் வேறு யாருக்காவது இதுபோல் இருந்ததா?" என்றார். இல்லை என்று நான் சட்டென்று சொன்னேன். பெரியத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். அந்தப் பைக்குள் ஒன்றும் கிடையாது என்று எனக்குத் தெரியும். அவருடைய ஐசி என்கிற அடையாள அட்டை, மாத்திரை, திருநீற்றுப் பொட்டலம் எல்லாம் என்னிடம்தான் இருந்தன.

திரும்பி வரும்போது செம்மோர் தாண்டியதும் தானாகவே வாயைத் திறந்தார். "ஒங்க தாத்தாவுக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சு. அதுக்கு இந்த நோவு உண்டு. ஜப்பான்காரன் காலத்துல போயிருச்சு. விடு." அவ்வளவுதான். ஐம்பத்து மூன்று வயதில், எனக்கு ஓர் அத்தைப் பாட்டி இருந்தாள் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று ஆரம்பித்த தேடல் முடிய பத்தொன்பது மாதம் ஆனது. 3,460 வெள்ளி (ரிங்கிட்) செலவு. நான் லாரி கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள், அதனால் தொகை துல்லியமாகத் தெரியும். அதில் பாதிக்குமேல் வீண். எங்கே வீணானது என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொல்ல ஆள் இல்லை, அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

முதல் தப்பு, "ஜப்பான்காரன் காலத்துல" என்ற வார்த்தையை அப்படியே நம்பியது. நம் வீடுகளில் காணாமல் போன எல்லாரையும் போட்டுப் பூட்டிவைக்கும் பெட்டி அது. பொய் என்று சொல்லவரவில்லை. சயாம் மரண ரயிலுக்கு ஆள் பிடித்துக்கொண்டு போனதில் திரும்பாதவர்கள் எத்தனை பேர்! தாத்தாவின் தம்பி ஒருவர் அப்படிப் போனவர்தான். தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அப்புறம் ஒரு சேதியும் இல்லை. ஆனால் அந்த உண்மை இருப்பதால்தான், மறைக்க வேண்டிய கதையையும் அதற்குள் போட்டுவிட முடிகிறது. யாரும் மேலே கேட்கமாட்டார்கள். ஆகவே வீட்டில் சொல்லும் இறந்த வருஷத்தை வைத்துக்கொண்டு தேடலைத் தொடங்காதீர்கள். அவர் உயிரோடு இருந்ததாக உறுதியாகத் தெரிந்த கடைசி வருஷம் எது என்று கேளுங்கள். அங்கிருந்து முன்னால் போங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். 1942-க்கும் 1945-க்கும் நடுவில் ஒருத்தியைப் பதினோரு மாதம் தேடினேன்.

பெரியத்தையிடம் பேச்சை வாங்குவதே பெரிய பாடு. "எப்படிச் செத்தாங்க?" என்று கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். ஒருநாள் வேறு மாதிரி ஆரம்பித்தேன். மகளின் பழைய பயிற்சி நோட்டில் தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீட்டை, நீளமாகக் கோடு போட்டுக் காட்டி, "எந்தக் கதவு யார் வீடு, சொல்லுங்க அத்தே" என்றேன். அதற்கு வாய் தானாகத் திறந்தது. முதல் கதவு மாட்டுக்காரர் வீடு, மூணாவது தெலுங்கு வீடு, ஆறாவதில் ஆயா கொட்டகைக்காரம்மா, ஏழாவது நாங்கள். ஏழாவது கதவில் பென்சிலை நிறுத்தி, "இதுல எத்தனை பேரு?" என்றேன். பேரைச் சொல்லி எண்ணிக்கொண்டே வந்தவர், "அப்புறம் அது" என்றார். தான் பிறப்பதற்கு முன்பே அதைக் கொண்டுபோய்விட்டார்களாம், அம்மா சொல்லித்தான் தெரியுமாம். ரப்பர் பால்மரம் வெட்டப் போன இடத்தில் விழும். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் விழும். ஒருமுறை அடுப்பில் விழுந்து இடது கை முழங்கைவரை வெந்துவிட்டது. அதற்குப் பிறகு அடுப்புப் பக்கமே விடவில்லை. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி துரையிடம் சொல்ல, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் எழுதிக் கொடுக்க, போலீஸ் வண்டி வந்தது. எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டபோது குரலை இறக்கி, "ரம்புத்தானுக்கு" என்றார். வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.

இந்த நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஊர்ப் பெயரை விளக்க வேண்டியதில்லை. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருமே பள்ளிக்கூடத்தில் ஒருவரை ஒருவர் "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்று கேலி பேசித்தான் வளர்ந்தோம். 1911-இல் திறந்த மனநல மருத்துவமனை. இன்றைக்கு அதன் பெயர் பகாகியா, மலாயில் மகிழ்ச்சி என்று பொருள். எங்கள் ஊருக்கும் ஈப்போவுக்கும் நடுவில்தான் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்துதான் தீபாவளித் துணி வாங்கப் போயிருக்கிறேன். வலிப்புக்காரர்களை ஏன் அங்கே வைத்தார்கள் என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் பல நாடுகளில் அப்படித்தான். வலிப்பை மனநோயோடு சேர்த்துக் கணக்கெடுத்தார்கள். மருந்து என்று புரோமைடும் பீனோபார்பிட்டோனும்தான் இருந்தன. இன்றைக்குச் சரியான மருந்து கிடைத்தால் பத்தில் ஏழு பேர் வரைக்கும் வலிப்பே இல்லாமல் வாழலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. என் மகள் அந்த ஏழில் ஒருத்தி. மாத்திரை போட்டுக்கொண்டு ஐந்தாம் படிவத் தேர்வு எழுதிவிட்டாள்.

இரண்டாவது தப்பில்தான் பணம் போனது. பழைய மருத்துவமனைப் பதிவேடெல்லாம் தன் கைக்கு எட்டும் என்று ஓர் ஆள் சொன்னான். தெரிந்தவர் மூலமாக வந்தவன், பேச்சும் மரியாதையாக இருந்தது. 1,200 வெள்ளி கொடுத்தேன். மூன்று வாரத்தில் ஒரு தாளின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த வரி. பாட்டியின் பெயர், தமிழ்ப் பெண், 1944-இல் மரணம். அதைப் பார்த்ததும் அலுவலகக் கழிப்பறைக்குப் போய் அழுதேன். குடும்பக் குழுவில் போட்டேன். அந்த வெள்ளிக்கிழமையே கோயிலில் மோட்ச விளக்கு ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளுவாங்கிலிருந்து சித்தப்பா மகன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான். "அக்கா, 1944-ல தாத்தாவுக்கு முப்பது வயசு. தங்கச்சிக்கு எப்படி அம்பத்திரண்டு?"

தாளில் வயது 52 என்று தெளிவாகவே போட்டிருந்தது. நான் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதுதான் சரி. ஏதோ ஒரு முடிவு கிடைத்தால் போதும் என்ற நிலையில் இருந்தேன். அந்த ஆளுக்குப் போன் செய்தேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. அந்த விளக்கு வீண் என்று சொல்லமாட்டேன், யாருடைய பாட்டியோ பாவம். ஆனால் அன்றே ஒரு அட்டையில் பெரிதாக எழுதி மேசைமேல் வைத்துக்கொண்டேன்: பெயர், தகப்பன் பெயர், தோட்டம், தோராயப் பிறந்த வருஷம், உடலில் அடையாளம். எந்தக் காகிதம் வந்தாலும் இந்த ஐந்தில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும். பெயர் மட்டும் பொருந்தினால் அது ஒன்றுமே இல்லை. நம்முடைய ஆட்கள் கப்பலில் கொண்டுவந்தது குலசாமிப் பெயர்கள். ஒரே தோட்டத்தில் அதே பெயரில் ஐந்து பேர் இருப்பார்கள்.

பாட்டியின் பெயரை இங்கே எழுதவில்லை, பெரியத்தைக்கு அதில் இஷ்டமில்லை. பச்சையம்மாள் என்று வைத்துக்கொள்வோம். இதைக் கிராணி எப்படி எழுதியிருப்பார்? 'பேப்பர்' பி-யிலா, 'பேபி' பி-யிலா? நடுவில் இரண்டு எஸ்ஸா, டி-சி-எச்சா? கடைசி 'அம்மாள்' இருக்குமா, வெறும் 'அம்மா'வா, அல்லது 'பச்சை' என்று பாதியிலேயே நிறுத்தியிருப்பாரா? கிராணி பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவராகவோ மலையாளியாகவோ இருப்பார், அவர் காதில் விழுந்தபடி எழுதுவார். நான் பதினான்கு விதமான எழுத்துகளை ஒரு தாளில் போட்டு வைத்துக்கொண்டேன். இன்னொன்று, தோட்டத்தின் பெயர். எங்கள் ஆட்கள் வாயில் அது சாலைத் தோட்டம். பதிவில் அந்தப் பெயர் எங்கேயும் கிடையாது. இங்கிலீஷ் பெயர் ஒன்று, கம்பெனி கைமாறிய பிறகு இன்னொன்று. 1950-களில் துண்டாடலில் தோட்டங்களைக் கூறு போட்டு விற்றார்கள். அந்த அடியிலிருந்து பிறந்ததுதான் 1960-இல் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். எங்கள் தோட்டமும் அந்தச் சமயத்தில் துண்டாகி, பெயர் மூன்றானது. இது தெரிந்தது எப்படி என்றால், சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தமிழ் முரசும் அதில் உண்டு. பாட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் தோட்டத்து விற்பனைச் செய்தி ஒன்றில் பழைய பெயரும் புதிய பெயரும் சேர்ந்து கிடந்தன. ஒரு காசு செலவில்லாமல் கிடைத்த ஒரே தகவல்.

அடுத்து, நினைத்தாலே சிரிப்பும் வெட்கமும் வரும் கதை. பெரியத்தை ஒருநாள் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சீட்டு எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கை அகலம், பழுப்பு, ஒரு பக்கம் எலி தின்றது. ஊதா மையில் சதுரமாக ஒரு சாப்பு (முத்திரை), உள்ளே புரியாத எழுத்து. கீழே பேனாவில் பாட்டியின் பெயர், 'பேபி' பி-யில். அதற்கும் கீழே 2603 என்ற எண். எதற்கான சீட்டு என்பது எலி தின்ற பாதியில் போய்விட்டது. எனக்குக் கை நடுங்கியது. நோயாளி எண் கிடைத்துவிட்டது! அடுத்த நான்கு மாதம் எந்தக் கவுண்டருக்குப் போனாலும், எந்தக் கடிதம் எழுதினாலும், "நோயாளி எண் 2603" என்று கொட்டை எழுத்தில் போட்டேன். ஓர் அலுவலகத்தில் அந்த எண்ணை வைத்துத் தேடி, ஒரு சீன ஆண் நோயாளியைப் பற்றிக் கடிதம் எழுதினார்கள். கடைசியில் மகளின் பள்ளியில் நடந்த பணி ஓய்வு விழாவில் ஒரு பழைய சரித்திர ஆசிரியரிடம் பேச்சுவாக்கில் சீட்டைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நம்பர் இல்ல, வருஷம்" என்றார். ஜப்பானியர்கள் இங்கே ஆண்டபோது தங்கள் ராஜ வம்சக் கணக்கில் வருஷம் போட்டார்கள். அதில் 660-ஐக் கழிக்க வேண்டும். 2603 என்றால் 1943. சில காகிதங்களில் ஷோவா 18 என்றும் இருக்கும், அதுவும் அதே வருஷம்தான். உங்கள் பெட்டியில் 2602, 2603, 2604, 2605 என்று ஏதாவது கிடந்தால் அது வரிசை எண் இல்லை.

அந்தச் சீட்டு இன்னொன்றும் சொன்னது. 1943-இல் அவள் உயிரோடு இருந்திருக்கிறாள், வீட்டோடு ஏதோ ஒரு தொடர்பும் இருந்திருக்கிறது. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று, பெரிபெரியிலும் மலேரியாவிலும் ஊரே செத்துக்கொண்டிருந்த வருஷம் அது.

கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில் (பழைய ஜாலான் டூத்தா) இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நான்கு முறை போனேன். எங்கள் ஊரிலேயே ஈடிஎஸ் ரயில் நிற்கும் என்பதால் பயணம் சுலபம், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒருநாள் சம்பளம் போகும், கிராப் டாக்சிக் காசு போகும், இரண்டு முறை அறை எடுத்துத் தங்கினேன். முதல் இரண்டு பயணமும் வீண், காரணம் நான் தேடிய வார்த்தைகள். மாற்றுத்திறனாளி, ஊனமுற்றவர், வலிப்பு நோயாளி என்று இன்றைய நாகரிகமான ஆங்கிலத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் காலக் கோப்புகளுக்கு நாகரிகம் தெரியாது. லூனட்டிக், இம்பெசில், இடியட் என்றுதான் தலைப்பே இருக்கும். தொழிலாளர் இலாகா அறிக்கைகளில் டிக்ரெப்பிட் என்றொரு சொல் வரும். வேலைக்கு ஆகாதவர், கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியவர் என்று பொருள். அந்தச் சொல்லைப் பார்த்து, பாட்டியையும் நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்களோ என்று ஒரு மாதம் தூக்கம் கெட்டது. இந்தச் சொற்களை நம் வீட்டுப் பெண்ணின் பெயரோடு சேர்த்துத் தட்டச்சு செய்வதற்கு மனம் கூசும். கூசினாலும் செய்யுங்கள், வேறு வழியில் அந்தக் கோப்புகள் வராது. வீட்டிலிருந்தே காப்பகத்தின் இணையப் பட்டியலைத் தேடி, கோப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு போவது நல்லது. நான் போய் உட்கார்ந்த பிறகுதான் தேட ஆரம்பித்தேன். மத்தியானம் கழிந்தது.

காப்பகத்தில் பாட்டியின் பெயர் கிடைக்கவில்லை. ஆனால் ஆட்களை எப்படி உள்ளே அனுப்பினார்கள் என்பது புரிந்தது. ஒருவரை அப்படி அனுப்ப மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும், டாக்டரின் சான்று வேண்டும். போலீஸ் வண்டி வந்ததற்குக் காரணம் அதுதான். குற்றவாளியைப் போலக் கொண்டுபோனார்கள் என்று எண்பது வருஷமாக வீட்டில் நினைத்து வெட்கப்பட்டிருக்கிறார்கள். அன்றைய சட்டத்தின் வழக்கமே அப்படி. ஆகவே மருத்துவமனை, பதிவிலாகா மட்டுமில்லாமல் கோர்ட்டு, போலீஸ், தோட்டக் கம்பெனி என்று மற்றப் பக்கங்களிலும் தடயம் இருக்கலாம். சட்டம் 1952-இல் ஒரு முறை மாறியது, பிறகு 2001-இல் புதிதாக வந்தது. எந்தக் காலத்தைத் தேடுகிறீர்களோ அந்தக் காலத்து நடைமுறையை முதலில் தெரிந்துகொண்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

நான்காவது முறை கோலாலம்பூர் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பிய வாரம், பெரியத்தை வீட்டுக் கூரை ஒழுகியது. அலமாரிமேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கிக் கொடுக்கச் சொன்னார். தாத்தாவின் பெட்டி. இறக்கும்போது சாவகாசமாக, "கோலாலம்பூர் வரைக்கும் போறியே, இதத் தொறந்து பாத்தியா?" என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. தேடல் ஆரம்பித்துப் பதினேழு மாதம் ஆகியிருந்தது. ஆனால் நான் கேட்கவே இல்லையே. தாத்தாவின் பத்திரங்கள் எங்கே என்று யாரிடமும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. காகிதம் என்றால் அது அலுவலகத்தில்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

பெட்டிக்குள் வேட்டி ஒன்று, கங்காணி வேலைக்குக் கொடுத்த பித்தளைச் சீட்டு, பால் வெட்டும் கத்தி, அதோடு பழைய கல்லூரிப் புத்தகம் மாதிரி தடித்த அட்டையில் மூன்று கணக்கு நோட்டுகள். 1947 முதல் 1962 வரை. தாத்தா தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவர், கையெழுத்து மணிமணியாக இருக்கும். சம்பளம், மளிகை, சீட்டு, நூல் துணி, பிள்ளைகளுக்கு சிலேட்டு. என் தொழில் இது என்பதால் இரவு முழுக்க உட்கார்ந்து புரட்டினேன். வருஷத்துக்கு மூன்று நான்கு இடத்தில் ஒரே மாதிரி வரி வந்தது. "ரம்பு 1.60. பழம் .30. பொரி உருண்டை .20." முதலில் நான் அதை ரம்புத்தான் பழம் என்றே படித்தேன். பக்கத்தில் பழம் என்று தனியாக எழுதியிருந்ததுகூட உறைக்கவில்லை. அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன். சித்திரை மாதம். சித்திரையில் ஏது ரம்புத்தான்? அதுவும் வருஷா வருஷம் அதே 1.60-க்கா? பழத்தின் விலை ஏறும் இறங்கும், மாறாமல் வரும் தொகை என்றால் அது கட்டணம். கணக்கு எழுதுகிற யாருக்கும் தெரியும். பஸ் காசு. போக எண்பது, வர எண்பது.

விளக்கைப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வந்தேன். 1947-இல் நான்கு முறை. 1948 ஆனியில் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டுக்கொன்றார்கள். ஜூன் 16. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசர காலம் பிறந்ததே அதில்தான். அதற்குப் பிறகு பத்து மாதம் ரம்பு இல்லை. 1949 சித்திரையில் திரும்ப வருகிறது: "ரம்பு 1.60. பழம் .30. சேலை 1, 3.75. பொரி உருண்டை .20." பத்து மாதம் கழித்துப் போனவர் சேலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அதே மாதக் கணக்கில் பாட்டிக்கு, அதாவது அவர் மனைவிக்கு, சேலை இல்லை. 1957-இல் பஸ் காசு 1.80 ஆகிறது. கடைசி வரி 1961 ஐப்பசி. "ரம்பு 1.80. துணி 4.20. பூ .50. சுடலை 3.00." பொரி உருண்டை இல்லை. அதற்குப் பிறகு ரம்பு என்ற சொல்லே நோட்டில் வரவில்லை.

இனி வேலை சுலபம். தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் இறப்புப் பதிவின் பிரதிக்கு விண்ணப்பித்தேன். முன்பு "ஜப்பான் காலம், பேராக்" என்று சொல்லிக்கொண்டு போனபோது அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை, குறை சொல்ல முடியாது. இப்போது 1961 அக்டோபர், நவம்பர், தஞ்சோங் ரம்புத்தான் இருக்கும் உலு கிந்தா என்று கையில் இருந்தது. பெயரின் பதினான்கு எழுத்து விதங்களையும், என் பிறப்புப் பத்திரம், அப்பாவுடையது, தாத்தாவின் இறப்புப் பத்திரம் ஆகியவற்றையும் கொண்டுபோனேன். அண்ணன் தங்கை என்பதைக் காட்டத் தகப்பன் பெயர் ஒன்றுதான் வழி. சில வாரத்தில் கிடைத்தது. என் பட்டியலில் ஒன்பதாவது எழுத்து. வயது சுமார் 40, தகப்பன் பெயர் சரி, இறந்த காரணம் என்ற இடத்தில் எபிலெப்சி. டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வலிப்பில் சில வகைதான் பரம்பரையாக வரும், தாத்தாவின் தங்கைக்கு இருந்ததை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது, ஆனாலும் கோப்பில் குறித்துக்கொள்கிறேன் என்றார். குறித்துக்கொண்டார். ஒரு வரி.

அவளுடைய மருத்துவக் கோப்பைக் கேட்கலாமே என்று பலர் சொன்னார்கள். கேட்கவில்லை. இருபத்து மூன்று வருஷம் அவளை யார் யாரோ பார்த்தார்கள், குறித்தார்கள், எடை போட்டார்கள். அவளிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். நானும் ஒருத்தியாக அந்த வரிசையில் நிற்க வேண்டாம் என்று தோன்றியது. இது என் முடிவு, உங்களுக்கு மருத்துவக் காரணம் இருந்தால் கேட்கத்தான் வேண்டும்.

பிரதியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு பெரியத்தையிடம் போனேன். அவருக்கு இது எப்படி இருக்குமோ என்று பயம். அவரும் தங்கைகளும் கல்யாணத்துக்கு இருந்த காலம் அது. வலிப்புக்காரி உயிரோடு இருக்கிற வீடு என்று தெரிந்தால் எந்தத் தோட்டத்திலிருந்தும் பெண் கேட்டு வரமாட்டார்கள். அவள் செத்துவிட்டதாக எல்லாரிடமும் சொன்னது தாத்தா. சொந்த மனைவியைத் தவிர யாருக்கும் உண்மை தெரியாது, ஒருவேளை அவளுக்கும் தெரியாது. பிரதியை வாசித்துக் காட்டினேன். 1961 என்றதும், "தப்பாப் போட்டிருப்பான்" என்றார். நோட்டைப் பிரித்து வரிகளைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு அப்பாவின் கையெழுத்தைத் தடவினார்.

"தாத்தா மூணு மாசத்துக்கு ஒருக்கா போயிருக்காரு அத்தே."

"எங்க போனாரு? அதெல்லாம் கல்லுமலைக் கோயிலு. ஈப்போ போயி முருகனப் பாத்துட்டு வாரேன்னு காலையிலயே கெளம்பிருவாரு. வரையில பொரி உருண்டை கொண்டாருவாரு. சாமி பிரசாதம்னு நாங்க நாலு பேரும் அடிச்சிக்கிட்டுத் தின்போம்." சொல்லிக்கொண்டே வந்தவர் பொரி உருண்டை என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். "ஒருநா அம்மா கேட்டுச்சு பாப்பா. மலைக்குப் போனவரு நெத்தியில துன்னூறக் காணோமேன்னு. வேர்வையில அழிஞ்சிருச்சுன்னாரு."